பக்கவாதத்துக்கு இரு மருத்துவங்கள்: மருத்துவருக்குத் தெரியாத மாத்திரை

சீனாவின் ஷென்சென் நகரில் பணிபுரியும் 37 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருடைய தாயாருக்கு 61 வயது. மதுரையிலிருந்து மகனைப் பார்க்கப் போயிருந்த இடத்தில், ஒரு நாள் காலை இடது கையும் காலும் செயலிழந்து, வாய் கோணி, பேச்சு குழறியது. இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேர்ந்துவிட்டார்கள். மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாயில் அடைப்பு என்பதை ஸ்கேன் மூலம் உறுதி செய்துகொண்டு, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டிருக்கிறார்கள். 18 நாட்கள் அங்கே இருந்தார். முதல் பத்து நாட்கள், சான்ச்சி என்னும் மூலிகையிலிருந்து பிரித்தெடுத்த மருந்து டிரிப்ஸில் ஏற்றப்பட்டது. தினமும் அக்குபங்சரும் செய்தார்கள். சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பதும், அதன் விளைவாக இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருப்பதும் அங்கேதான் தெரியவந்தன. அதற்காக, ரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் மாத்திரையைத் தொடங்கினார்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் என்ற எண், வீடு திரும்பும்போது 2.3.

மகனின் வீட்டு உரிமையாளரான பெரியவர் ஒருவர், தனக்குப் பக்கவாதம் வந்தபோது உதவியவை என்று இரண்டு மருந்துகளைச் சொல்ல, மகன் அவற்றைக் கடையில் ஆறு மாதத்துக்கு வாங்கிவிட்டார். ஒன்று டான்ஷென் என்னும் மூலிகை வேரிலிருந்து செய்த மாத்திரை. மற்றொன்று பூயாங் ஹுவான்வூ தாங் என்னும் கஷாயத்தின் துகள். மூன்று வாரங்கள் கழித்து அம்மாவுடன் மதுரைக்கு வந்தபோது, அங்குள்ள நரம்பியல் மருத்துவர் பையைப் பார்த்து, "சீன மருந்து எதுவும் வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். மகன் தலையாட்டிவிட்டு, அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் அக்காவிடம் அந்த மருந்துகளைச் சத்து மாத்திரை, சத்து மாவு என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார். ஐந்து வாரத்தில் அம்மாவுக்கு ஈறில் ரத்தம் கசிந்தது, தொடையில் நீலம் பாரித்தது. ஐஎன்ஆர் 4.8. வேறு ஏதேனும் மருந்து எடுக்கிறாரா என்று மருத்துவர் கேட்டதற்கு, அக்கா தான் அறிந்தவரை உண்மையாகவே "இல்லை" என்றார். வார்ஃபரின் அளவு 5 மில்லிகிராமிலிருந்து 3 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. இப்போது ஐஎன்ஆர் 2.5. பக்கவாதம் வந்து 14 வாரங்கள் ஆகின்றன.

வாசகர் கேட்பவை இவை. யாருக்கும் சொல்லாமல் சீன மருந்தை நிறுத்திவிட்டால் போதுமா? சீனாவில் இரண்டையும் சேர்த்துத்தானே கொடுத்தார்கள், இங்கே மட்டும் ஏன் கூடாது? அக்குபங்சரால்தான் அம்மாவின் விரல்கள் அசைந்தன, அதை விட்டது தவறா? வார்ஃபரினுக்குப் பதிலாகப் புதிய மாத்திரைக்கு மாறினால் மூலிகையைத் தொடரலாமா? மறுபடி பக்கவாதம் வந்தால் உடனே கொடுப்பதற்காக ஆன்கோங் நியூஹுவாங் என்னும் சீன மருந்து உருண்டை இரண்டு வாங்கி வைத்திருக்கிறார். அதை எப்படிக் கொடுப்பது?

அன்புள்ள நண்பருக்கு,

நான் நரம்பியல் மருத்துவர். பக்கவாத நோயாளிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவன். உங்கள் கடிதத்தில் குற்ற உணர்வு வரிக்கு வரி தெரிகிறது. அதனால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மொழி முழுதாகப் புரியாத ஊரில், அறிகுறி தெரிந்த இரண்டு மணி நேரத்துக்குள் அம்மாவை ஸ்கேன் உள்ள மருத்துவமனையில் சேர்த்தீர்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குள்ளும் எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு மூளை பிழைக்கும். அம்மா இன்று கைத்தடியோடு நடப்பதற்கு வேறு எதைவிடவும் அந்த இரண்டு மணி நேரமே பெரிய காரணம். அதன்பிறகு நீங்கள் செய்தவற்றில் சில தவறானவை. அவற்றைத் திருத்த இன்னும் நேரம் இருக்கிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியது

சீன மருந்தைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறீர்கள். அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது இந்த யோசனைதான்.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வார்ஃபரின், ரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களைக் கல்லீரல் செய்யும் வேகத்தைக் குறைக்கும் மருந்து. அது அளவுக்கு மீறினால் ரத்தக்கசிவு, குறைந்தால் இதயத்துக்குள் ரத்தக்கட்டி. நடுவில் இருக்கும் பாதை மிகக் குறுகியது. உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்கு ஐஎன்ஆர் 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். டான்ஷென் இந்தப் பாதையிலிருந்து தள்ளிவிடக்கூடியது என்பது நீண்ட காலமாகத் தெரிந்த செய்தி. 1990களிலேயே ஹாங்காங் மருத்துவர்கள், வார்ஃபரின் எடுத்துவந்தவர்கள் டான்ஷென் சேர்த்துக்கொண்டதும் ஐஎன்ஆர் தாறுமாறாக ஏறி ரத்தக்கசிவோடு வந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். வார்ஃபரின் உடலிலிருந்து கழியும் வேகத்தை டான்ஷென் குறைக்கும் என்பதும், தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தளர்த்தும் என்பதும் ஆய்வுக்கூடச் சோதனைகளில் காணப்பட்டவை. நீங்கள் கொடுத்துவரும் கஷாயத் துகளில் தாங்குய் என்னும் வேரும் இருக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்காக வார்ஃபரின் எடுத்துவந்த 46 வயதுப் பெண் ஒருவர் தாங்குய் சேர்த்த நான்கு வாரங்களில் அவருடைய ஐஎன்ஆர் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. வேரை நிறுத்திய பிறகு நான்கு வாரங்களில் பழைய நிலைக்கு வந்தது. இது 1999இல் மருத்துவ இதழில் வெளியான பதிவு. ஐந்து வாரங்களில் 2.3 என்பது 4.8 ஆன உங்கள் அம்மாவின் கதைக்கும் அதற்கும் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள்.

இனி அடுத்த பக்கத்தை யோசியுங்கள். மூலிகை உள்ளே இருப்பதை அறியாமல் உங்கள் மருத்துவர் வார்ஃபரினை 3 மில்லிகிராமாகக் குறைத்தார். இன்றைய 2.5 என்பது 3 மில்லிகிராம் வார்ஃபரினும் மூலிகையும் சேர்ந்து தந்த எண். மூலிகையை மட்டும் எடுத்துவிட்டால் சில நாட்களிலோ சில வாரங்களிலோ ஐஎன்ஆர் 2-க்குக் கீழே இறங்கிவிடலாம். அதற்கு எந்த அறிகுறியும் இருக்காது. ஈறில் ரத்தம் வராது, எங்கும் நீலம் பாரிக்காது. சுருங்கிய மைட்ரல் வால்வும் தாறுமாறான துடிப்பும் உள்ள இதயத்தில், இடது மேலறையில் தேங்கும் ரத்தம் மறுபடி உறைந்து மூளைக்கு ஏறலாம். முதல் பக்கவாதம் வந்த வழியும் அநேகமாக அதுதான்.

ஆகவே நாளையே மருத்துவரிடம் பேசுங்கள். எந்தத் தேதியில் எந்த மூலிகையைத் தொடங்கினீர்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசி வேளை எப்போது என்பதைச் சொல்லுங்கள். அவர் நிறுத்தச் சொல்லும் நாளில் இரண்டையும் நிறுத்துங்கள். நிறுத்திய மூன்று முதல் ஐந்து நாட்களில் ஐஎன்ஆர் பார்த்து, எண் நிலைப்படும்வரை அடிக்கடி பார்ப்பது வழக்கம். வார்ஃபரின் அளவை மாற்றுவது அவர் வேலை. பழைய 5 மில்லிகிராமுக்கு நீங்களாகப் போய்விடாதீர்கள். இதற்கிடையில் கடுமையான தலைவலி, வாந்தி, கருப்பாக மலம், சிறுநீரில் ரத்தம், கீழே விழுந்து தலையில் அடி ஆகியவற்றில் எது நேர்ந்தாலும், மருத்துவரின் நேரத்துக்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

அந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்த வரி

ஷென்சென் மருத்துவமனை தந்த காகிதங்களின் படங்களையும் அனுப்பியிருந்தீர்கள். சீனாவில் மருத்துவம் படித்துத் திரும்பிய என் இளைய சக மருத்துவர் ஒருவரிடம் அவற்றைக் காட்டினேன். "அங்கே இரண்டையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். காகிதம் வேறு சொல்கிறது. சான்ச்சி டிரிப்ஸை நிறுத்திய நாளும் வார்ஃபரின் தொடங்கிய நாளும் ஒன்றுதான். காப்பீட்டு நாட்கள் முடிந்ததால் நிறுத்தியிருப்பார்கள் என்பது உங்கள் ஊகம். ஆனால் கடைசிப் பக்கத்தில், வார்ஃபரின் எடுக்கும் காலத்தில் "ரத்தத்தை ஓடச்செய்யும்" மூலிகைகளைத் தாமாக வாங்கி உண்ணக் கூடாது என்று எழுதி, டான்ஷென், தாங்குய் இரண்டையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் மருந்துப் பட்டியலை மட்டும் படித்துவிட்டு, அடியிலிருந்த அறிவுரையை நீங்கள் விட்டுவிட்டீர்கள்.

இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. மதுரை மருத்துவரும் ஷென்சென் மருத்துவரும் ஒரே அறிவுரையைத்தான் தந்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எழுதுகிறேன். இரண்டு மருத்துவங்களுக்கு நடுவில் அம்மா மாட்டிக்கொண்டதாக நீங்கள் நினைத்தீர்கள். நடுவே நுழைந்தது ஒரு மருந்துக் கடையும் வீட்டு உரிமையாளரான அன்பான பெரியவரும் மட்டுமே. அந்தப் பெரியவருக்கு வந்த பக்கவாதம் எந்த வகை, அவர் வார்ஃபரின் எடுத்தவரா என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. அவருக்குப் பொருந்தியது உங்கள் அம்மாவுக்கும் பொருந்தும் என்று கொள்வதற்கு அடிப்படையே இல்லை.

சீனாவில் சேர்த்துக் கொடுப்பது எப்படி நடக்கிறது

பக்கவாதத்தைச் சீன மொழியில் சோங்ஃபெங் என்பார்கள். காற்று அடித்தது என்று பொருள். நாம் பக்கவாதம் என்கிறோம். நம்முடைய வாதமும் காற்றுதான். மூளையின் ரத்தக்குழாயைப் படமெடுத்துப் பார்க்க முடியாத காலத்தில், நின்றுகொண்டிருந்த மனிதர் மரம் முறிந்ததைப் போலச் சாய்வதைப் பார்த்த இரண்டு நாட்டு வைத்தியர்களும் ஒரே உவமையை எட்டியிருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழைய வைத்தியர்கள் மீது மரியாதை கூடுகிறது.

நீங்கள் வாங்கிய கஷாயம் அந்தக் காற்றுக் கொள்கையை மறுத்துப் பிறந்தது என்பது உங்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும். வாங் சிங்ரென் என்ற வைத்தியர் 1830இல் வெளியிட்ட நூலில் அது வருகிறது. பத்துப் பங்கு உயிராற்றலில் ஐந்து பங்கு போய்விட்டதால்தான் பாதி உடல் வீழ்கிறது, வெளியிலிருந்து வந்த காற்றால் அன்று என்பது அவர் வாதம். அதனால் ஆற்றலை ஊட்டும் என்று நம்பப்பட்ட ஹுவாங்சி வேரை மட்டும் நான்கு லியாங், இன்றைய வழக்கில் 120 கிராம் அளவுக்கு வைத்தார். தாங்குய், செம்பியோனி வேர், சுவான்சியோங், பீச் பருப்பு, குசும்பப் பூ, மண்புழு ஆகிய மற்ற ஆறும் சேர்ந்தாலும் அந்த ஒன்றின் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் அந்தச் சிறு பங்கில் இருப்பவை பெரும்பாலும் ரத்தத்தை ஓடச்செய்யும் என்று சீன மருத்துவமே சொல்பவை. வாங் சிங்ரென் காலத்தில் வார்ஃபரின் இல்லை. அந்தச் சூத்திரத்தை எழுதியபோது அவர் எண்ணிப் பார்க்க வேண்டியிராத ஆபத்து இது.

இன்று சீனாவில் இரு மருத்துவங்களும் அருகருகே நடப்பதற்கு அரசின் கொள்கை ஒரு காரணம். 1982ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டமே நவீன மருத்துவத்தையும் மரபு மருத்துவத்தையும் வளர்க்க வேண்டும் என்கிறது. சீன மருத்துவத்துக்கென்று தனிச் சட்டம் 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் நல்ல மருத்துவமனையில் சேர்த்துக் கொடுப்பது என்றால், ஒரே நோயாளிக் கோப்பில் இரண்டு வகை மருந்துகளும் எழுதப்பட்டு, ஒரே மருத்துவக் குழு அவற்றைப் பார்த்து, ரத்தப் பரிசோதனை செய்து, ஒன்று மற்றொன்றோடு மோதும்போது ஒன்றை நிறுத்துவது. உங்கள் அம்மாவுக்கு அங்கே நடந்தது அதுதான். முதல் சில மணி நேரத்தில் அவர்கள் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்கவில்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஸ்கேன், ஊசி, பிறகுதான் மற்றவை.

மூலிகை என்பதால் பக்கவிளைவு இல்லை என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். சீன அரசே அப்படி நினைப்பதில்லை. குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்ததாகப் புகார்கள் எழுந்ததால் 2017 செப்டம்பரில் குசும்பப் பூவிலிருந்து செய்த ஊசி மருந்து ஒன்றைத் திரும்பப் பெற உத்தரவிட்டது. டான்ஷென் ரத்தத்தில் எதுவுமே செய்யாத வெறும் இலைதழை என்றால், அம்மாவின் ஐஎன்ஆர் ஏறியிருக்கவே ஏறியிருக்காது. வேலை செய்யும் பொருளுக்கு விளைவும் உண்டு, வேண்டாத விளைவும் உண்டு.

ஆய்வுகள் எதுவரை துணை நிற்கின்றன

சீன மருந்துகளில் எதற்கும் ஆதாரம் இல்லை என்று நான் சொன்னால் அது நேர்மையாகாது. மருந்து எது, போலி எது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் ஒப்பிட்டுப் பார்க்கும் பெரிய ஆய்வுகளைச் சீன ஆய்வாளர்களே இப்போது நடத்துகிறார்கள். 2023இல் வெளியான ஓர் ஆய்வில், கிங்கோ இலையிலிருந்து பிரித்த பொருளை ஊசியாகப் பெற்றவர்களில் 50.4 விழுக்காட்டினர் மூன்று மாதத்தில் கிட்டத்தட்ட முழுதாகத் தேறினார்கள். போலி மருந்து பெற்றவர்களில் அது 44.1 விழுக்காடு. நோயாளிகள் 3,400க்கும் மேல். அதே ஆண்டில் சான்ச்சியிலிருந்து பிரித்த சாப்போனின் என்னும் பொருட்களைக் காப்ஸ்யூலாகக் கொடுத்து 3,072 பேரிடம் செய்த ஆய்வில், பிறர் உதவியின்றி வாழும் நிலையை எட்டியவர்கள் 89.3 விழுக்காடு, போலி மருந்தில் 82.4. இவை கவனிக்கத்தக்க முடிவுகள். பிற நாடுகளிலும் இதே முடிவு வருகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். ஆனால் ஒதுக்கித் தள்ளக் கூடியவை அல்ல.

மறுபக்கமும் இருக்கிறது. ஒன்பது மூலிகைகளும் ஐந்து விலங்குப் பொருட்களும் சேர்ந்த ஒரு காப்ஸ்யூலை, சிங்கப்பூர், பிலிப்பீன்ஸ், இலங்கை உள்ளிட்ட ஆசிய நாடுகளில் சுமார் 1,100 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2013இல் வந்த முடிவு, மூன்று மாதத்தில் போலி மருந்தைவிடக் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்றது. மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டவர்களுக்காகச் சீனாவின் 26 மருத்துவமனைகளில் ஒரு மூலிகைத் திரவத்தைச் சோதித்தார்கள். அதிலும் பயன் இல்லை என்பதை 2024இல் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். சீன மருத்துவத்தின் மீது உண்மையான அக்கறை உள்ளவர்கள் செய்யும் வேலை இது என்று நான் கருதுகிறேன்.

உங்களுக்கு வேண்டிய கேள்வி இதைவிடக் குறுகியது. மைட்ரல் வால்வு சுருங்கி, வார்ஃபரின் எடுத்துவரும் ஒரு பெண்ணுக்கு, நான்காவது மாதத்தில், வீட்டில் வைத்து டான்ஷென் மாத்திரையும் பூயாங் ஹுவான்வூ கஷாயமும் சேர்த்துக் கொடுத்தால் நன்மையா என்பதை நான் மேலே சொன்ன எந்த ஆய்வும் கேட்கவில்லை. கிங்கோ ஊசிக்குக் கிடைத்த நல்ல முடிவை டான்ஷென் மாத்திரையின் கணக்கில் எழுத முடியாது. ஒரு தட்டில் நிச்சயமில்லாத பயன் இருக்கிறது. மற்றதில் ஏற்கெனவே ஒரு முறை 4.8 வரை ஏறிக் காட்டிய ஆபத்து இருக்கிறது. என் முடிவு தெளிவானது: உங்கள் அம்மாவுக்கு இவை இரண்டும் வேண்டாம்.

புதிய மாத்திரைக்கு மாறிவிட்டால் மூலிகையைத் தொடரலாமே என்ற யோசனையும் இங்கே உதவாது. வால்வுச் சுருக்கம் இல்லாத ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்குப் புதிய மருந்துகள் நல்லவை. ருமாட்டிக் இதய நோயுள்ளவர்களிடம், இந்தியர்கள் உள்ளிட்ட 4,500க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடந்து 2022இல் வெளியான ஆய்வில், ரிவராக்சபான் என்னும் புதிய மருந்தை எடுத்தவர்களைவிட வார்ஃபரின் வகை எடுத்தவர்களுக்கே பக்கவாதமும் இறப்பும் குறைவாக இருந்தன. எனவே அம்மாவுக்கு வார்ஃபரினே சரியான மருந்து. மேலும், புதிய மருந்துகளும் ரத்தத்தை இளக்குபவைதாம். அவற்றோடு மூலிகை சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து இருக்கும், ஐஎன்ஆர் போல எச்சரிக்கும் எண் மட்டும் இருக்காது. கீரையை அம்மா விட்டுவிட வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால் போதும். உறவினர்கள் சித்த மருந்தோ வேறு லேகியமோ பரிந்துரைப்பார்கள். அவற்றுக்கும் இதே விதிதான்: வார்ஃபரின் எழுதும் மருத்துவர் அறியாமல் எதுவும் உள்ளே போகக் கூடாது.

விரல்கள் அசைந்தது எதனால்

அக்குபங்சர் தொடங்கிய ஒன்பதாம் நாள் அம்மாவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அசைந்ததை எழுதியிருக்கிறீர்கள். அந்த நாளின் மகிழ்ச்சியை நான் குறைக்க மாட்டேன். ஆனால் பக்கவாதத்துக்குப் பிறகு மூளை தானாகவே வேகமாக மீள்வது முதல் வாரங்களிலும் மூன்று மாதங்களிலும்தான். அந்தக் காலத்தில் எந்தச் சிகிச்சை தொடங்கினாலும் முன்னேற்றம் அதன் கணக்கில் சேர்ந்துவிடும். அக்குபங்சர் பற்றிய 33 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான மதிப்பாய்வில், போலி ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்த இடங்களில் தெளிவான பயன் தெரியவில்லை. கை இயக்கத்துக்கும் அன்றாட வேலைத் திறனுக்கும் அதைப் பரிந்துரைக்க இயலாது என்று 2016இல் அமெரிக்க இதய, பக்கவாதச் சங்கங்களின் வழிகாட்டி சொன்னது. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்குத் துணைச் சிகிச்சையாக யோசிக்கலாம் என்று மட்டும் இடம் விட்டது. அம்மாவுக்கு விழுங்குவதில் சிரமம் இல்லை என்கிறீர்கள். அதனால் அக்குபங்சரை விட்டது தவறு என்று வருந்த வேண்டியதில்லை.

வருந்த வேண்டியது வேறொன்று. மருத்துவமனையில் ஊசி போடும் நேரத்தைத் தவிர, தினமும் ஒரு பயிற்சியாளர் வந்து கையைப் பிடித்து ஒரு மணி நேரம் வேலை வாங்கினார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மதுரைக்கு வந்தபின் பிசியோதெரபி வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் நடைக்கு மட்டும் என்று இன்னொரு வரி. அம்மா இழந்தது கஷாயத்தையும் ஊசியையும் அல்ல, அந்த ஒரு மணி நேரத்தை. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது தாமாக நிமிர்த்த முடிகிறவர்களுக்கு, நல்ல கையில் உறை மாட்டிக் கட்டுப்படுத்தி, பாதித்த கையால் மட்டுமே தினமும் பல மணி நேரம் வேலை செய்ய வைக்கும் பயிற்சி உண்டு. பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதங்கள் ஆன 222 பேரிடம் அதைச் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். பயன் ஓராண்டு கழித்தும் நிலைத்திருந்தது. அம்மா சரியாக அந்தக் காலகட்டத்தில் இருக்கிறார். வெங்காயம் உரிப்பது, துணி மடிப்பது, டம்ளரை எடுத்து வைப்பது என்று அவர் வீட்டு வேலைகளையே பயிற்சியாக்கலாம். சீன மருந்துக்கு இனிச் செலவிட நினைத்திருக்கும் பணத்தை வாரத்துக்கு ஐந்து நாள் கைப்பயிற்சிக்கு மாற்றுங்கள்.

அம்மா மனநிறைவுக்காக அக்குபங்சர் கேட்டால், ஐஎன்ஆர் 3-க்குள் இருக்கும்போது, வார்ஃபரின் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய ஊசிகளால் மட்டும் செய்துகொள்ளலாம். ஆழமாகக் குத்துவதும், தோலில் கிண்ணம் கவிழ்த்து உறிஞ்சவைக்கும் கப்பிங்கும், ரத்தம் வடிப்பதும் கூடவே கூடாது.

அவசரத்துக்கு என்று எடுத்து வைத்த உருண்டை

ஆன்கோங் நியூஹுவாங் உருண்டை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வூ ஜூடோங் என்ற வைத்தியர் கடுங்காய்ச்சலில் நினைவிழந்தவர்களுக்காக எழுதிய சூத்திரம். அதில் காண்டாமிருகக் கொம்பு இருந்தது. 1993இல் சீனா அதைத் தடை செய்தபின் எருமைக் கொம்பு சேர்க்கிறார்கள். மரபு முறையில் செய்த உருண்டையில் பாதரசம் அடங்கிய சாதிலிங்கமும், ஆர்சனிக் அடங்கிய மனோசிலையும் உண்டு. இவற்றைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாலும் மூன்று காரணங்களால் அதை அம்மாவின் வாயில் வைக்கக் கூடாது. பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் தசைகள் வேலை செய்யாமல் போயிருக்கலாம்; வாயில் வைத்தது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரல் அழற்சி வரும். அது அடைப்பா ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் இல்லாமல் எவருக்கும் தெரியாது. வார்ஃபரின் எடுப்பவருக்கு இரண்டும் வரக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெரிய ரத்தக்குழாய் அடைத்திருக்கும்போது ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. உருண்டையைக் கரைத்து ஊட்டி "பார்க்கலாம்" என்று காத்திருக்கும் அரை மணி நேரத்தைத் திரும்பப் பெற முடியாது. சீனப் பேராசிரியர் ஒருவர் சொன்னதாகப் பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லும் செய்தி நம் ஊர் வாட்சப்பிலும் பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. உங்கள் அக்காவுக்கும் அது வந்திருக்கக் கூடும். அதையும் செய்ய வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

முகம் கோணினாலோ, கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அக்கா செய்ய வேண்டியவை: கடைசியாக அம்மா நன்றாக இருந்த நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்வது, 108-ஐ அழைப்பது, ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்குப் போவது, போனதும் முதல் வாக்கியமாக "வார்ஃபரின் எடுக்கிறார்" என்று சொல்லிக் கடைசி ஐஎன்ஆர் சீட்டைக் கொடுப்பது. ஐஎன்ஆர் 1.7-க்கு மேல் இருந்தால் கட்டியைக் கரைக்கும் ஊசி போட மாட்டார்கள். ஆனால் பெரிய குழாயில் அடைப்பு இருந்தால் கம்பிக் குழலைச் செலுத்திக் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சைக்கு அது பெரும்பாலும் தடையில்லை. அந்த வசதி எந்த மருத்துவமனையில் 24 மணி நேரமும் இருக்கிறது என்பதை மருத்துவரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடமும் அக்காவிடமும் எப்படிச் சொல்வது

மருத்துவர் கோபித்துக்கொண்டு அம்மாவைப் பார்க்க மறுத்துவிடுவாரோ என்று பயப்படுகிறீர்கள். சிலர் முகம் சுளிப்பார்கள், அதை நான் மறுக்கவில்லை. "எதுவும் வேண்டாம்" என்று சொன்னவர் காரணத்தையும் இரண்டு நிமிடம் விளக்கியிருந்தால் நீங்கள் ஒளித்திருக்க மாட்டீர்கள் என்றும் நினைக்கிறேன்; எங்கள் தரப்பில் அடிக்கடி நேரும் குறை அது. இருந்தாலும், காரணமில்லாமல் ஏறிய ஐஎன்ஆருக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்பது எந்த மருத்துவருக்கும் நிம்மதி தரும் செய்திதான். நீங்கள் தொலைவில் இருந்தாலும் மாத்திரைப் பெட்டியின் எல்லாப் பக்கங்களையும், துகள் பொட்டலத்தின் பொருட்பட்டியலையும் படமெடுத்து, தமிழிலோ ஆங்கிலத்திலோ பெயர்த்து அனுப்புங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் முழு மொழிபெயர்ப்பும் அதோடு போகட்டும். தலையாட்டி பொம்மை போல அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டாமல், ஏன் என்று கேளுங்கள்; கேட்பது உங்கள் உரிமை.

அம்மாவிடமும் சொல்லுங்கள். அவருக்கு நினைவும் தெளிவும் நன்றாக இருக்கின்றன. தன் உடலுக்குள் என்ன போகிறது என்பதை அறியாமல் இரண்டு மாதங்களாக அவர் விழுங்கிவருகிறார். கைப்பயிற்சிக்கு அவர் சம்மதம் வேண்டுமென்றால் இந்த உண்மையை முதலில் அவருக்குக் கொடுக்க வேண்டும்.

மருத்துவருக்கும் முன்னால், இன்று இரவே அக்காவை அழையுங்கள். ஈறில் ரத்தம் வந்த நாளிலிருந்து, தன் கவனிப்பில்தான் ஏதோ பிழை என்று அவர் தன்னையே நொந்துகொண்டிருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பழி அவருடையது அல்ல. அதோடு, மருத்துவர் அம்மாவைப் பற்றிக் கேட்கப்போவது அவரிடம்தான், மாத்திரைகளை எடுத்துக் கொடுப்பவரும் அவர்தான்.